வெயில் காலக் கேள்வி – பதில்: முகத்துக்கும் சாப்பாட்டுக்கும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி மேக்கப் பையைப் பற்றியவை, மீதி சமையல் மேடையைப் பற்றியவை. சில கேள்விகளுக்கு இரண்டு இடத்திலும் பதில் இருந்ததால், தனித்தனியாகப் பிரிக்காமல் கலந்தே தந்திருக்கிறோம்.

கேள்வி: எஸ்.பி.எஃப் 50 உள்ள சன் ஸ்கிரீனைத் தினமும் காலையில் தடவுகிறேன். ஆனாலும் முகம் கறுக்கிறது, கன்னத்துப் புள்ளிகளும் அப்படியே இருக்கின்றன. எஸ்.பி.எஃப் 100 வாங்கலாமா?

வேண்டாம். உங்கள் குப்பியில் குறை இருக்க வாய்ப்பில்லை. அளவைப் பாருங்கள்.

குப்பியில் அச்சிட்டிருக்கும் எஸ்.பி.எஃப் எண் (வெயிலிலிருந்து எவ்வளவு பாதுகாக்கும் என்பதற்கான அளவு), ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் என்ற கணக்கில் பரிசோதித்துக் கிடைத்தது. பெரும்பாலானவர்கள் தடவுவது அதில் கால் பங்கிலிருந்து பாதிக்குள்தான். அளவு குறைந்தால் பாதுகாப்பு மளமளவென்று சரிந்துவிடும். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து, ஆள்காட்டி விரலிலும் நடு விரலிலும் அடியிலிருந்து நுனி வரை இரண்டு கோடுகளாகப் பிதுக்கிக்கொள்ளுங்கள். முதல் நாள் இது மிக அதிகமாகத் தெரியும். ஒரே தடவையில் அப்பாமல், ஒரு கோட்டைத் தடவி ஒரு நிமிடம் விட்டு அடுத்ததைத் தடவினால் தோல் ஏற்றுக்கொள்ளும். காது, கழுத்தின் பின்புறம், இமை ஓரம், தலைமுடி வகிடு எடுக்கும் இடம் ஆகியவைதான் வழக்கமாக விட்டுப்போகிறவை.

எஸ்.பி.எஃப் 30 என்பது யு.வி.பி கதிர்களில் (தோலைச் சிவக்கச் சுடும் புற ஊதாக் கதிர்கள்) ஏறத்தாழ 97 சதவீதத்தைத் தடுக்கும்; 50 என்பது 98 சதவீதத்தை. வித்தியாசம் அவ்வளவுதான். அதனால் 30 இருந்தாலும் போதுமான அளவு தடவி, வெளியில் இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி தடவுகிறவருக்கே நல்ல பலன் கிடைக்கும். வியர்வையைத் துண்டால் துடைத்தால், இரண்டு மணி நேரம் ஆகும்வரை காத்திருக்க வேண்டாம், அப்போதே தடவுங்கள்.

கறுப்பதற்கும் புள்ளிகளுக்கும், தோலுக்குள் ஆழமாக இறங்கும் இன்னொரு வகைப் புற ஊதாக் கதிரான யு.வி.ஏ-வுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. எஸ்.பி.எஃப் எண் முக்கியமாக யு.வி.பி-யைப் பற்றியது. யு.வி.ஏ பாதுகாப்புக்கு ‘பி.ஏ’ என்ற குறியும் அதன் பக்கத்தில் உள்ள கூட்டல் குறிகளும், அல்லது ‘பிராட் ஸ்பெக்ட்ரம்’ என்ற வார்த்தையும் இருக்கிறதா என்று பாருங்கள். கூட்டல் குறிகள் அதிகபட்சம் நான்கு. யு.வி.ஏ ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி வரும் என்பதால், ஜன்னலோரத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களுக்கும் இது தேவை.

புள்ளிகள் மங்கு வகையைச் சேர்ந்தவையாக இருந்தால் இன்னொரு விஷயம் உண்டு. கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமும் அதைக் கூட்டும். அயர்ன் ஆக்சைடு சேர்த்த, நிறம் கலந்த சன் ஸ்கிரீன்தான் அதைத் தடுக்கும். ஃபவுண்டேஷன் போடும் பழக்கம் உள்ளவர்களுக்கு இதுவே இரண்டு வேலையும் செய்யும். எங்களிடம் கேட்டால், வெயில் காலத்தில் பையில் ஒரே ஒரு பொருளுக்குத்தான் இடம் என்றால் இதைத்தான் சொல்வோம்.

கேள்வி: சன் ஸ்கிரீன் தடவியதும் அழுக்கு மாதிரி திரிதிரியாக உருண்டு வருகிறது. ஏன்?

கீழே தடவியது காய்வதற்கு முன் மேலே தேய்த்திருக்கிறீர்கள். சீரம், மாய்ஸ்சரைசர், சன் ஸ்கிரீன், பிரைமர் என்று நான்கு அடுக்கு போட்டால், அதிலும் சிலிகான் நிறைந்த பிரைமர் இருந்தால், அடுக்குகள் ஒட்டாமல் வழுக்கித் திரளும். பழைய இறந்த தோல் சேர்ந்திருந்தாலும் இப்படி ஆகும். சீரத்தையோ மாய்ஸ்சரைசரையோ ஒன்றை விட்டுவிடுங்கள். மாய்ஸ்சரைசர் தடவி ஐந்து நிமிடம் கழித்துச் சன் ஸ்கிரீன், அதற்குப் பிறகு பத்து நிமிடம் கழித்து மேக்கப். வட்டமாகத் தேய்க்காமல் ஒரே திசையில் இழுத்து, கடைசியில் உள்ளங்கையால் அழுத்திவிடுங்கள்.

கேள்வி: வெள்ளரி சாலட் செய்தால் அரை மணி நேரத்தில் கிண்ணத்தின் அடியில் குளம் கட்டிவிடுகிறது. என்ன செய்யலாம்?

வெள்ளரியில் 95 சதவீதம் தண்ணீர். உப்பு பட்டதும் அது வெளியே வந்தே தீரும். நீங்கள் முடிவு செய்யக்கூடியது, அது எப்போது வெளியே வர வேண்டும் என்பதைத்தான். பரிமாறும் கிண்ணத்தில் வருவதற்குப் பதிலாக முன்னாலேயே வரவழைத்துவிடுங்கள்.

நடுத்தர வெள்ளரி இரண்டை (சுமார் 500 கிராம்) நீளவாக்கில் பிளந்து, நடுவில் உள்ள விதைப் பகுதியை ஸ்பூனால் வழித்துவிடுங்கள். தண்ணீரில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கும். அரை சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, அரை டீஸ்பூன் உப்பு பிசறி, வடிகட்டியில் 20 நிமிடம் வையுங்கள். பிறகு சுத்தமான துணியில் கட்டி மெதுவாகப் பிழியுங்கள். கழுவ வேண்டாம், கழுவினால் போன தண்ணீர் திரும்ப வரும். சாலடுக்கு மேற்கொண்டு உப்பு போடுவதற்கு முன் ஒரு துண்டைச் சுவைத்துப் பாருங்கள், பெரும்பாலும் தேவைப்படாது.

தக்காளிக்கும் இதே வழிதான், ஆனால் பிழியக் கூடாது, வடியவிட்டால் போதும். வடிந்த தக்காளிச் சாற்றைக் கொட்டிவிடாதீர்கள். ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயும் சிட்டிகை மிளகும் சேர்த்து அடித்தால் அந்தச் சாலடுக்கே டிரெஸ்ஸிங் ஆகிவிடும். தர்பூசணியை மட்டும் முன்கூட்டியே உப்பில் போட வேண்டாம். சதை தொய்ந்துபோகும். அதற்கு உப்பு, எலுமிச்சை, புதினா எல்லாம் மேசைக்கு வரும் நேரத்தில்தான்.

கேள்வி: வெள்ளரி சில சமயம் கசக்கிறதே?

குக்கர்பிட்டாசின் என்ற பொருள்தான் காரணம். செடிக்குத் தண்ணீர் போதாமல் வெயிலில் வாடினால் இது கூடும். காம்புப் பக்கத்திலும் தோலுக்கு அடியிலும் அதிகமாக இருக்கும் என்பதால், காம்பு முனையில் இரண்டு சென்டிமீட்டர் நறுக்கி எறிந்து, தோலைக் கொஞ்சம் ஆழமாகச் சீவுங்கள். அப்படியும் நன்றாகக் கசந்தால் சாப்பிட வேண்டாம். வயிற்றைக் கெடுக்கும்.

கேள்வி: எலுமிச்சைச் சாற்றில் சர்க்கரை கலந்து முகத்தில் தேய்த்தால் கருமை போகும் என்கிறார்கள். வாரம் இரண்டு முறை செய்யலாமா?

ஒரு முறைகூடச் செய்யாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறோம்.

எலுமிச்சைச் சாற்றின் பி.எச் (அமிலத் தன்மையைக் காட்டும் எண்; குறையக் குறைய அமிலம் கூடும்) 2 அளவில் இருக்கும். ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு 5-ஐ ஒட்டியது. இந்த வித்தியாசமே எரிச்சலுக்குப் போதும். அதைவிடப் பெரிய ஆபத்து, எலுமிச்சை வகைப் பழங்களின் தோலிலும் சாற்றிலும் உள்ள ஃபுரானோகூமரின் என்ற பொருள்கள். இவை தோலில் இருக்கும்போது யு.வி.ஏ வெயில் பட்டால் தீக்காயம்போல் சிவந்து, சில சமயம் கொப்புளமும் கட்டும். உடனே தெரியாது, ஒரு நாள் கழித்துத் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்கு வரும். அதனாலேயே பலர் இதை எலுமிச்சையோடு சேர்த்து யோசிப்பதில்லை. ஆறிய பின் விழும் கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். கருமையைப் போக்கத் தேய்த்தது கருமையைக் கொண்டுவந்து விடும்.

சமையலறையிலும் இதே எச்சரிக்கை. நிறைய எலுமிச்சை பிழிந்துவிட்டு அந்தக் கையோடு வெயிலில் போனால் விரல்களிலும் மணிக்கட்டிலும் திட்டுத் திட்டாகக் கறுக்கும். வெளியே கிளம்பும் முன் சோப்பு போட்டு, முழங்கை வரை வழிந்த சாறும் போகக் கழுவுங்கள். சர்க்கரைக் குறுணையும் முகத்துக்கு வேண்டாம். அதன் கூர்முனைகள் கீறும். பாதத்துக்கும் முழங்கைக்கும் சர்க்கரையோடு எண்ணெய் சேர்த்துத் தேய்க்கலாம், எலுமிச்சை இல்லாமல்.

முகக் கருமைக்கு, இரவில் 10 சதவீத அசெலாயிக் ஆசிட் கிரீம் நம்பத்தக்கது. காலையில் சன் ஸ்கிரீன் கட்டாயம். மாற்றம் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும்; பத்து நாளில் பலன் என்று சொல்லும் எதையும் நம்ப வேண்டாம்.

கேள்வி: மதியத்துக்குப் பாஸ்தா சாலடோ சோறு சேர்த்த சாலடோ கட்டிக்கொண்டு போகிறேன். காலை ஏழு மணிக்குச் செய்வதை ஒரு மணிக்குச் சாப்பிடுகிறேன். சரியா? சில நாள் பாஸ்தா ரப்பர்போல் ஆகிவிடுகிறது.

முதலில் பாதுகாப்பு. சமைத்த உணவு 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் இடையில் இருக்கும்போதுதான் கிருமிகள் வேகமாகப் பெருகும். வெளியே இரண்டு மணி நேரம்தான் வைக்கலாம். வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். ஆறு மணி நேரம் பையில் இருப்பது மிக அதிகம்.

சோறு விஷயத்தில் இன்னும் கண்டிப்பு தேவை. அரிசியில் இருக்கும் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதித்தாலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக நீண்ட நேரம் இருந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. வாசனையிலோ நிறத்திலோ எதுவும் தெரியவும் தெரியாது. “மோந்து பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது” என்பது இங்கே செல்லாது.

ஆகவே முந்தின இரவே செய்துவிடுங்கள். வெந்ததும் பாத்திரத்திலேயே விடாமல், அகலத் தட்டில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புங்கள். குவித்து வைத்தால் நடுப்பகுதி மணிக்கணக்கில் சூடாகவே இருக்கும். ஒரு மணி நேரத்துக்குள் மூடி போட்டு ஃப்ரிட்ஜுக்குள். சோற்றை அடுத்த 24 மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். காலையில் குளிர்ந்த டப்பாவோடு உறைந்த ஐஸ் பேக் ஒன்றையும் வெப்பம் தாங்கும் பையில் வையுங்கள். அலுவலகத்தில் ஃப்ரிட்ஜ் இருந்தால் போனதும் அதில் வைத்துவிடுங்கள்.

இப்போது ரப்பர் பிரச்சினை. பாஸ்தாவில் உள்ள மாவுச்சத்து குளிர்ந்தால் இறுகும். சூடாகச் சாப்பிடுவதற்குச் சரியான பதத்தில் இறக்கினால், குளிர்ந்த பின் கடிபடாது. பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தைவிட இரண்டு நிமிடம் கூடுதலாக வேகவையுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் உப்பு. வடித்ததும் டிரெஸ்ஸிங்கில் பாதியைச் சேர்த்துப் பிரட்டுங்கள், சூட்டில் உள்ளே இழுத்துக்கொள்ளும். மீதிப் பாதியைச் சிறு டப்பாவில் தனியாக எடுத்துப்போய்ச் சாப்பிடும்போது கலந்துகொள்ளுங்கள். குளிர்ந்த உணவில் நாக்குக்குச் சுவை மட்டாகத்தான் தெரியும். உப்பும் புளிப்பும் சூடான உணவைவிட ஒரு படி தூக்கலாக இருக்கட்டும்.

கேள்வி: தயிரில் அன்னாசித் துண்டுகள் கலந்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். மறுநாள் கசந்து, நீர்த்துப் போயிருந்தது. தயிர் கெட்டதா?

தயிர் கெடவில்லை. வேகவைக்காத அன்னாசியில் உள்ள புரோமெலைன் என்ற நொதி பாலின் புரதத்தை வெட்டுகிறது. வெட்டுப்பட்ட துண்டுகள்தான் கசக்கின்றன. பப்பாளியும் கிவியும் இதே வேலையைச் செய்யும். உடனே சாப்பிடுவதாக இருந்தால் கடைசி நிமிடத்தில் கலக்கலாம். வைத்திருந்து சாப்பிட வேண்டுமானால், துண்டுகளை ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்துக் கலந்துகொள்ளுங்கள். சூட்டில் நொதி செயலிழந்துவிடும். டின்னில் வரும் அன்னாசி ஏற்கெனவே சூடுபடுத்தியது என்பதால் அதில் இந்தத் தொல்லை இல்லை. மாம்பழம், வாழை, பெர்ரி வகைகளைத் தயக்கமின்றி முதல் நாளே கலக்கலாம்.

கேள்வி: அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் மேக்கப் வழிந்துவிடுகிறது. நிற்க என்ன வழி?

கூட்டுவதைவிடக் குறையுங்கள். முகம் முழுக்க ஃபவுண்டேஷன் போடுவதை வெயில் மாதங்களில் நிறுத்திவிடலாம். நிறம் கலந்த சன் ஸ்கிரீன், அதன்மேல் கண்ணடியிலும் புள்ளி உள்ள இடத்திலும் மட்டும் கன்சீலர், நெற்றி, மூக்கு, முகவாயில் மட்டும் மெல்லிய பவுடர். ஈரமாக்கிப் பிழிந்த ஸ்பாஞ்சால் ஒத்தியெடுத்தால் அடுக்கு மெலிந்து நன்றாகப் பிடிக்கும். கன்னத்துக்குக் கிரீம் பிளஷ் போடுவதாக இருந்தால் பவுடருக்கு முன் போடுங்கள். பவுடருக்கு மேல் கிரீம் தேய்த்தால் திட்டாகும்.

வியர்த்த பிறகு செய்யும் தவறுதான் பெரியது. ஈர முகத்தின் மேல் பவுடரை ஒற்றினால் பசைபோல் கட்டிக்கொள்ளும். முதலில் பிளாட்டிங் பேப்பரோ மெல்லிய டிஷ்யூவோ வைத்து அழுத்தி எடுங்கள், தேய்க்காதீர்கள். அதற்குப் பிறகு தேவைப்பட்டால் பவுடர்.

மஸ்காரா கண்ணுக்குக் கீழே கறுப்பாக இறங்குகிறது என்றால் ‘டியூபிங்’ வகையை முயன்று பாருங்கள். இமைமுடியைச் சுற்றிக் குழல்போலப் படிந்து, வியர்வைக்கும் எண்ணெய்க்கும் கரையாமல் நிற்கும். வெந்நீரில் நனைத்து இழுத்தால் உருவி வந்துவிடும். எந்த மஸ்காராவானாலும் திறந்து மூன்று மாதம் ஆனதும் மாற்றிவிடுங்கள். கண்ணில் பட்ட தூரிகை திரும்பத் திரும்ப அதே குழாய்க்குள் போகிறது. மற்றப் பொருள்களில் திறந்த மூடியோடு ஒரு டப்பாப் படமும், 6 அல்லது 12 என்ற எண்ணும் இருக்கும். திறந்த பின் அத்தனை மாதம் என்று அர்த்தம். காருக்குள் விட்டுவைத்த சன் ஸ்கிரீனுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பிதுக்கும்போது தண்ணீர் தனியாகவும் கிரீம் தனியாகவும் வந்தால் தூக்கி எறியுங்கள்.

கேள்வி: குளித்துவிட்டு உடனே ரோல் ஆன் போடுகிறேன். மதியத்துக்குள் நனைந்துவிடுகிறது.

பெயரைப் படித்துப் பாருங்கள். டியோடரன்ட் வாடையை மட்டும் குறைக்கும், வியர்வையை நிறுத்தாது. ‘ஆன்டிபெர்ஸ்பிரன்ட்’ என்றிருப்பதில்தான் அலுமினிய உப்பு இருக்கும். அது வியர்வைத் துளையைத் தற்காலிகமாக அடைக்கும். அந்த அடைப்பு உருவாகத் தோல் உலர்ந்திருக்க வேண்டும். குளித்த ஈரத்திலும் கிளம்பும் அவசரத்திலும் போட்டால் வியர்வையே அதைக் கழுவிவிடும். இரவு படுக்கும் முன், நன்றாகத் துடைத்து உலர்ந்த அக்குளில் போடுங்கள். காலையில் குளித்தாலும் பலன் போகாது. முடி மழித்த அன்று மட்டும் வேண்டாம், எரியும்.

கேள்வி: அடுப்படியில் அதிகம் நிற்காமல், புரதமும் இருக்கும்படி ஓர் இரவு உணவு சொல்லுங்கள். கொண்டைக்கடலை எத்தனை வேகவைத்தாலும் சில நாள் கல்லாகவே இருக்கிறது, அதற்கும் காரணம் சொல்லுங்கள்.

கடலையிலிருந்தே தொடங்குவோம். மூன்று காரணங்கள்: கடலை பழையது, தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம், அல்லது வேகும்போதே தக்காளியோ எலுமிச்சையோ சேர்த்துவிட்டீர்கள். புளிப்பு பட்டால் தோல் இளகாது. ஒரு கப் கடலைக்கு ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு டீஸ்பூன் உப்பு போட்டு 8 முதல் 12 மணி நேரம் ஊறவையுங்கள். உப்பு போட்டால் வேகாது என்பது தவறு. ஊறும் நீரில் உப்பு இருந்தால் தோல் மிருதுவாகவே ஆகும். வெயில் நாளில் வெளியே ஊறினால் நுரைத்துப் புளிக்கும், ஃப்ரிட்ஜில் வையுங்கள். புதுத் தண்ணீர் மாற்றி, பிரஷர் குக்கரில் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 15 முதல் 20 நிமிடம். தண்ணீர் கடினமானது என்றால் கால் டீஸ்பூன் சமையல் சோடா. அதற்கு மேல் போட்டால் சோப்பு வாடை அடிக்கும்.

ஒரு கப் கடலை வெந்தால் இரண்டரைக் கப்புக்கு மேல் வரும். வெயில் தாழ்ந்த ஒரு நாளில் இரண்டு கப் வேகவைத்து, நீர் வடித்து, ஒரு வேளைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து ஃப்ரீசரில் போட்டுவிட்டால் அடுத்த சில வேளைகளுக்கு அடுப்பே தேவையில்லை.

இருவருக்கான அளவு: வெந்த கடலை ஒன்றரைக் கப், மேலே சொன்னபடி உப்பில் வடித்த வெள்ளரி ஒன்று, தக்காளி இரண்டு, வெங்காயம் பாதி, புதினா ஒரு கைப்பிடி. வெங்காயத்தை மெல்லிசாக நறுக்கிக் குளிர்ந்த நீரில் பத்து நிமிடம் போட்டால் காரம் இறங்கும். டிரெஸ்ஸிங்குக்கு ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாற்றில் அரைப் பல் பூண்டை நேராகத் துருவி விழவிட்டுப் பத்து நிமிடம் வையுங்கள். புளிப்பு பூண்டின் காட்டத்தை அடக்கும். துருவி வைத்துவிட்டுப் பிறகு சாறு ஊற்றினால் அது நடக்காது. அரைக் கப் கெட்டித் தயிர், ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய், கால் டீஸ்பூன் உப்பு, மிளகு சேர்த்து அடியுங்கள். கடலையை முதலில் இதில் பிரட்டி ஊறவைத்து, காய்களைச் சாப்பிடும் நேரத்தில் சேருங்கள். புதினாவைக் கத்தியால் பொடிப்பொடியாக வெட்டினால் கறுத்துவிடும், கையால் கிள்ளிப் போடுங்கள்.

அவித்த முட்டை சேர்ப்பதாக இருந்தால் கொதிக்கும் நீரில் 10 நிமிடம், உடனே ஐஸ் தண்ணீர். மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் வந்தால் அதிக நேரம் வெந்திருக்கிறது என்று பொருள். சாப்பிடலாம், கெடுதல் இல்லை.

கேள்வி: வீட்டில் கற்றாழை இருக்கிறது. முகத்தில் தடவினால் அரிக்கிறது. எல்லாருக்கும் ஒத்துக்கொள்வது எனக்கு மட்டும் ஏன்?

இலையை வெட்டியதும் தோலை ஒட்டி வரும் மஞ்சள் பாலைப் பார்த்திருப்பீர்கள். அரிப்பு அதனால் இருக்கலாம். வெட்டிய இலையை, வெட்டுவாய் கீழே இருக்கும்படி ஒரு டம்ளரில் 15 நிமிடம் நிறுத்தி வடியவிடுங்கள். கழுவி, தோலைத் தாராளமாகச் சீவி, உள்ளே இருக்கும் தெளிந்த சதையை மறுபடி கழுவிய பிறகே எடுங்கள். முதலில் முன்கையின் உட்புறத்தில் தடவி ஒரு நாள் பாருங்கள். அப்போதும் அரித்தால் உங்கள் தோலுக்கு அது ஆகாது, விட்டுவிடுங்கள். ஒத்துக்கொண்டால், மிச்சத்தை ஐஸ் டிரேயில் உறையவைத்து ஒவ்வொன்றாக எடுத்து, உருகவிட்டுத் தடவலாம். ஃப்ரிட்ஜில் மூன்று நாளுக்கு மேல் நிற்காது. கற்றாழை தடவிக்கொண்டு சன் ஸ்கிரீனை விட்டுவிடாதீர்கள், அது வெயிலைத் தடுக்காது.

கேள்வி: லிப் பாம் போடப் போட உதடு இன்னும் காய்கிறது.

டப்பாவின் பின்புறம் மென்தால், கற்பூரம், யூகலிப்டஸ் இவற்றில் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். குளுகுளுவென்று இருக்கும், ஆனால் எரிச்சலைக் கூட்டும். இரவில் வாசனை இல்லாத வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி, பகலில் எஸ்.பி.எஃப் 30 உள்ள பாம். உதட்டை நக்கும் பழக்கத்தைக் கவனியுங்கள். எச்சில் காயும்போது உதட்டின் ஈரத்தையும் எடுத்துக்கொண்டு போகும். கீழுதட்டில் ஒரே இடத்தில் சொரசொரப்போ புண்ணோ மூன்று வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பிள்ளைகள் ஐஸ்கிரீம் கேட்டு நச்சரிக்கிறார்கள். சர்க்கரை இல்லாமல் வீட்டில் செய்ய முடியுமா?

கரும்புள்ளி விழுந்து நன்றாகக் கனிந்த வாழைப்பழம் மூன்று. காயாக இருந்தால் துவர்க்கும், இனிக்காது. ஒரு சென்டிமீட்டர் வில்லைகளாக நறுக்கி, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி நான்கு மணி நேரம் உறையவையுங்கள். மிக்ஸியில் இரண்டு டேபிள்ஸ்பூன் கெட்டித் தயிரோடு விட்டு விட்டு அடியுங்கள். முதலில் மணல்போல் உதிரும். பொறுத்து, ஓரங்களை வழித்துவிட்டுத் தொடர்ந்தால் திடீரென்று வழவழப்பாகத் திரண்டு வரும். தொடர்ந்து ஓட்டினால் மோட்டார் சூட்டில் உருகிவிடும். அடித்த உடனே கொடுத்துவிடுங்கள். திரும்ப உறையவைத்தால் கல்லாகும். அப்படி ஆகிவிட்டால் பத்து நிமிடம் வெளியே வைத்து மறுபடி ஒரு சுற்று அடித்தால் போதும்.